விடைத்த காதுக்கு வைத்தியம் உண்டா?

“காது பெரிசா இருந்தா ராஜயோகம்டா!” என்பார் பாட்டி. ஆனால், பள்ளிக்கூடத்தில் பிள்ளைக்குக் கிடைப்பதோ ‘முறக்காது’, ‘யானைக்காது’ என்கிற பட்டப்பெயர்தான். அதனால்தான் தாய்மார்கள் பலர் கேட்கிறார்கள்: “டாக்டர், தைலம் தேய்ச்சு, துணியால இறுக்கிக் கட்டினா காது படிஞ்சிடாதா?”

சித்த மருத்துவனான நானே சொல்கிறேன்... படியாது!

காரணம் இதுதான். காது மடலுக்குள் இருப்பது எலும்பு அல்ல, குருத்தெலும்பு. மடலின் விளிம்புக்குச் சற்று உள்ளே ஒரு மடிப்பு ஓடும். உங்கள் காதையே தடவிப் பாருங்கள், தெரியும். இந்த மடிப்பு சரியாக விழாவிட்டாலோ, காதுத் துளையைச் சுற்றியுள்ள கிண்ணம் போன்ற பகுதி அதிக ஆழமாக இருந்தாலோ, மடல் வெளியே தள்ளி நிற்கும். தலைக்கும் மடல் விளிம்புக்கும் இடைவெளி 2 செ.மீ.க்கு மேல் போனால் எடுப்பாகத் தெரியும். பல குடும்பங்களில் இது பரம்பரையாக வருவது. நோய் அல்ல, காது கேட்பதிலும் குறை இருக்காது.

பிறந்த சில வாரங்கள் மட்டும் விதிவிலக்கு. தாயிடமிருந்து வந்த ஹார்மோன் அப்போது குழந்தையின் உடலில் இருப்பதால், குருத்தெலும்பு மிருதுவாக இருக்கும். முதல் இரண்டு, மூன்று வாரங்களுக்குள் டாக்டரிடம் காட்டினால், அச்சு போன்ற சாதனத்தைப் பொருத்தி, ஆபரேஷன் இல்லாமலே மடலைப் படிய வைக்க வாய்ப்புண்டு. வீட்டில் நீங்களாகத் துணியோ பிளாஸ்திரியோ போட்டு இறுக்காதீர்கள். பிஞ்சுத் தோல் புண்ணாகிவிடும்.

அந்தக் காலம் தாண்டினால் வழி அறுவை சிகிச்சைதான். சித்த மருத்துவத்தின் 32 வகைப் புறமருந்துகளில் அறுவையும் ஒன்று. எனவே, கத்தி என்றாலே நமக்கு ஆகாது என்று நினைக்க வேண்டாம். 1881-லேயே நியூயார்க்கில் எலி என்ற டாக்டர் இந்தச் சிகிச்சையைச் செய்து எழுதியிருக்கிறார். மடிப்பைத் தையலாலேயே உண்டாக்கும் முறையை 1963-ல் முஸ்டார்டே என்பவர் விளக்கினார். இன்றும் அந்த முறை வழக்கத்தில் இருக்கிறது.

காதின் பின்புறம் கீறுவதால் தழும்பு வெளியே அவ்வளவாகத் தெரியாது. ஒன்று, இரண்டு மணி நேர வேலை. பெரியவர்களுக்கு மரத்துப்போக ஊசி போட்டே செய்யலாம். குழந்தைகளுக்குப் பெரும்பாலும் முழு மயக்கம் தேவை. பிறகு சில நாள் கட்டு. சில வாரங்கள் தூங்கும்போது தலைப்பட்டை. ஐந்து, ஆறு வயதுக்குள் காது ஏறக்குறைய முழு அளவு வளர்ந்துவிடுவதால், அதன் பிறகு செய்வது வழக்கம்.

சில எச்சரிக்கைகள்:

* கட்டுக்குள் ஒரு காதில் மட்டும் வலி கூடிக்கொண்டே போனாலோ, காய்ச்சல் வந்தாலோ, அன்றைக்கே டாக்டரிடம் ஓடுங்கள். உள்ளே ரத்தம் கட்டியிருக்கலாம், சீழ் பிடித்திருக்கலாம்.

* காது குத்திய இடத்திலோ காயம் பட்ட இடத்திலோ தழும்பு தடித்து வளரும் உடல்வாகு இருந்தால் முன்பே சொல்லுங்கள்.

* சாப்பிட்டு வரும் சூரணம், லேகியம் எதையும் மறைக்காதீர்கள். சில மருந்துகள் ரத்தப்போக்கைக் கூட்டும்.

* தையல் ஆறும்வரை பற்று, எண்ணெய், மஞ்சள் எதுவும் வேண்டாம்.

* சிலருக்குக் காது மறுபடி கொஞ்சம் விரியலாம். இரண்டு காதும் அச்சுப் பிசகாமல் ஒன்றுபோல அமையும் என்றும் எதிர்பார்க்காதீர்கள்.

அழகுக்கான சிகிச்சை என்பதால் காப்பீட்டுப் பணம் பொதுவாகக் கிடைக்காது. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகள் பலவற்றில் பிளாஸ்டிக் சர்ஜரி பிரிவு இருக்கிறது. அங்கே விசாரித்துப் பாருங்கள்.

எல்லாவற்றுக்கும் மேலாக, காது உங்களுடையது அல்ல, பிள்ளையுடையது. அவன் கண்ணாடி முன்னால் நின்று கலங்குகிறானா, அல்லது உறவுக்காரர்கள் சொன்னதைக் கேட்டு நீங்கள்தான் கலங்குகிறீர்களா? அவன் கவலையே படவில்லை என்றால் அவசரப்படாதீர்கள். வளர்ந்த பிறகும் செய்துகொள்ளலாம். அவனே, “எனக்கு வேணும்மா” என்றால், “இதெல்லாம் ஒரு குறையா?” என்று வாயை அடைக்காமல் அழைத்துப் போங்கள். இரண்டில் எது ஆனாலும், வீட்டுக்குள் அந்தப் பட்டப்பெயரை இன்றைக்கே நிறுத்திவிடுங்கள். அதற்கு எந்த டாக்டரும் தேவையில்லை!