தூண்டும் கம்பியே ஒட்டுக்கேட்குமா?

கேள்வி: பார்கின்சன் நோய்க்காக அப்பாவின் மூளையில் மின்முனை பொருத்தப்போகிறார்கள். அதுவே மூளையின் செயல்பாட்டைப் பதிவும் செய்யும் என்கிறார்களே, உண்மையா?

பதில்: கருவியைப் பொறுத்தது. 1987-இல் பிரான்சின் கிரெனோபிள் நகரில் மருத்துவர் பெனாபிட்டின் குழு மூளையை மின்சாரத்தால் தூண்டும் இந்தச் சிகிச்சைக்கு வழி திறந்த பிறகு, நெடுங்காலம் பதிவெல்லாம் அறுவை அரங்கோடு சரி. நோயாளி விழித்திருப்பார், ஊசியைவிட மெல்லிய நுனி மில்லிமீட்டர் மில்லிமீட்டராக இறங்கும், ஒலிபெருக்கியில் நரம்பணுக்கள் படபடக்கும். மூளையின் ஆழத்தில் இலக்காக உள்ள சப்தலாமிக் கருவைத் தொட்டதும் சத்தம் சட்டென்று அடர்த்தியாகும். இடம் சரிதானா என்று மருத்துவர் காதாலேயே அறிவார். இன்றும் பல இடங்களில் இப்படித்தான்.

உள்ளேயே தங்கிவிடும் மின்முனை பிடிப்பது வேறு: எண்ணற்ற நரம்பணுக்கள் சேர்ந்தெழுப்பும் அலை. நொடிக்குச் சுமார் 13 முதல் 30 முறை துடிக்கும் பீட்டா அலை இந்நோயில் ஓங்கி நிற்கும். இந்நோய்க்குக் கொடுக்கும் லெவோடோபா மாத்திரை வேலை செய்யத் தொடங்கினால் தணியும். ஆனால் அந்த அலை மைக்ரோவோல்ட் சமாசாரம். தூண்டலோ வோல்ட் கணக்கு. இடி முழக்கத்துக்கு நடுவே கொசுவின் ரீங்காரத்தைப் பிடிப்பது போல. அதனால் அதே கம்பியில் தூண்டும் முனைக்கு மேலும் கீழும் உள்ள முனைகளில் பதிந்து, இரண்டுக்கும் பொதுவான இரைச்சலைக் கழித்துவிடுகிறார்கள். கெட்டிக்கார யோசனை!

இப்படிப் பதியும் மெட்ரானிக்கின் பெர்செப்ட் கருவிக்கு 2020-இல் அமெரிக்க அனுமதி கிடைத்தது. அலையைப் பார்த்துத் தானே மின்சாரத்தைக் கூட்டிக் குறைக்கும் முறைக்கு 2025-இல். ஒன்றைக் கவனியுங்கள்: பீட்டா அலை தசை இறுக்கத்தோடும் அசைவின் மந்தத்தோடும்தான் ஒத்துப்போகிறது, நடுக்கத்தோடு அவ்வளவாக இல்லை. அப்பாவுக்கு எது பெரிய தொல்லை என்பதைச் சொல்லி, இந்த வசதி அவருக்குத் தேவையா என்று மருத்துவரிடம் கேளுங்கள்.