கும்மிடிப்பூண்டியின் பின்கோடு ஒரு பகா எண்

நம்பிக்கை: ஓர் எண் பகா எண்தானா என்று அறிய, அதற்குக் கீழே உள்ள எல்லா எண்களாலும் வகுத்துப் பார்க்க வேண்டும்.

தேவையே இல்லை. திருவள்ளூரின் பின்கோடு 602001. இலக்கங்களைக் கூட்டினால் 9. ஆகவே 3-ஆல் வகுபடும், பகு எண். கும்மிடிப்பூண்டியின் 601201 அவ்வளவு சுலபத்தில் மசியாது. அதற்காக ஆறு லட்சம் முறை வகுக்க வேண்டியதில்லை. ஓர் எண் இரண்டு எண்களின் பெருக்கலாக உடைந்தால், அவற்றில் சின்னது வர்க்கமூலத்தைத் தாண்டாது. 601201-இன் வர்க்கமூலம் 775-க்குச் சற்று மேல். அதுவரை உள்ள பகா எண்கள் 137. அவற்றில் ஒன்றுகூட மீதியில்லாமல் வகுக்கவில்லை. (167 கொஞ்சம் ஆசை காட்டும், மீதி 1.) எனவே 601201 பகா எண்தான்.

நம்பிக்கை: உலகின் மிகப் பெரிய பகா எண்தான் நம் வங்கிக் கணக்குக்குக் காவல்.

'மிகப் பெரியது' என்ற ஒன்றே கிடையாது. பகா எண்களுக்கு முடிவில்லை என்று யூக்ளிட் சுமார் 2,300 ஆண்டுகளுக்கு முன்பே நிறுவிவிட்டார். 2024 அக்டோபரில் லூக் டுரான்ட் என்ற அமெரிக்கர் கண்டுபிடித்தது, அதுவரை தெரிந்தவற்றில் பெரியது: 2-இன் 13,62,79,841-ஆம் அடுக்கிலிருந்து 1-ஐக் கழித்தால் வருவது. அதில் 4,10,24,320 இலக்கங்கள். சாதனைதான், ஆனால் ஊருக்கே தெரிந்த சாவியை வைத்து எந்தப் பெட்டியைப் பூட்டுவது? இணையத்தில் தகவலை மறைத்துக் காக்கும் ஆர்.எஸ்.ஏ. பூட்டுமுறையில் வழக்கமாகப் பயன்படுபவை சுமார் 309 இலக்கங்கள் கொண்ட இரண்டு பகா எண்கள். கணினி தற்செயலாகத் தேர்ந்தெடுத்து ரகசியமாக வைத்திருப்பவை. அவற்றைப் பெருக்கினால் வரும் 617 இலக்க எண்ணை ஒளிக்காமல் வெளியிலேயே வைப்பார்கள்.

நம்பிக்கை: கான்பூர் ஐ.ஐ.டி.யின் கண்டுபிடிப்பால் அந்தப் பூட்டு உடைந்துவிடும்.

2002-இல் மணீந்திர அகர்வால், நீரஜ் கயல், நிதின் சக்சேனா மூவரும், எந்த எண்ணையும் பகா எண்ணா இல்லையா என்று ஐயமின்றி, விரைவாகத் தீர்மானிக்க முடியும் என நிறுவினார்கள். நம் நாட்டுக் கணிதத்தின் பெருமைகளில் ஒன்று அது. ஆனால் அந்த வழி 'இது பகு எண்' என்று சொல்லுமே தவிர, எந்த எண்களைப் பெருக்கி வந்தது என்று சொல்லாது. பூட்டின் பலம் அந்த இரண்டாவது கேள்வியில் இருக்கிறது. சாதாரணக் கணினிகளுக்கு அது இன்னும் எட்டாத கேள்வி.

நம்பிக்கை: கியரின் பற்கள் பகா எண்ணிக்கையில் இருந்தால்தான் சீராகத் தேயும்.

சிப்காட் தொழிற்பேட்டைப் பக்கம் கியர்பாக்ஸோடு மல்லுக்கட்டுபவர்களுக்கு இது பாதி உண்மை. 20 பல் பினியன் (சின்னக் கியர்) 40 பல் சக்கரத்தோடு சுழன்றால், பினியனின் ஒவ்வொரு பல்லும் எதிரே இரண்டே பற்களைத்தான் திரும்பத் திரும்பச் சந்திக்கும். பினியனுக்கு 23 பல் வைத்தால் ஒவ்வொன்றும் நாற்பதையும் சந்தித்துவிடும், தேய்மானம் பரவும். ஆனால் 21 பல் வைத்தாலும் இதேதான் நடக்கும். 21, 40 இரண்டுமே பகா எண்கள் அல்ல. அதனால் கியர் ஆர்டர் கொடுக்கும்போது பகா எண்ணைத் தேடி அலையாதீர்கள். இரண்டு எண்ணிக்கைகளுக்கும் 1-ஐத் தவிர வேறு பொது வகுத்தி இல்லாமல் இருந்தால் போதும்.