பெட்டி சுமந்த பெண்

போதைப்பொருள் வழக்கு என்றதும், பொருள் எவர் கையில் இருந்ததோ அவரே குற்றவாளி என்று நாம் முடிவு கட்டிவிடுகிறோம். இந்தக் கணக்கு எவ்வளவு தூரம் சரி? பிலிப்பைன்ஸ் நாட்டு மேரி ஜேன் வெலோசோவின் வழக்கைக் கொண்டு சிறிது ஆராய்வோம்.

1985-ல் ஓர் ஏழைக் குடும்பத்தில் ஐந்து பிள்ளைகளில் கடைசியாகப் பிறந்தவர் இவர். உயர்நிலைப் பள்ளியில் ஓராண்டோடு படிப்பு நின்றது. சிறு வயதிலேயே திருமணம். இரண்டு ஆண் குழந்தைகள். பின்னர்க் கணவரைப் பிரிந்தார். வீட்டு வேலைக்காகத் துபாய் சென்றவர், தம்மைக் கெடுக்க நடந்த முயற்சிக்குப் பயந்து, ஒப்பந்தம் முடியுமுன்பே ஊர் திரும்பினார். கடனும் வறுமையும் அப்படியே இருந்தன.

2010 ஏப்ரலில், குடும்பத்துக்கு அறிமுகமான பெண் ஒருத்தி மலேசியாவில் வேலை இருப்பதாக அழைத்துச் சென்றாள். அங்கே போனதும் அந்த வேலை இல்லை என்றாயிற்று. இந்தோனேசியாவில் சில நாள் தங்கி வந்தால் வேறு வேலை கிடைக்கும் என்று சொல்லி, ஒரு பெட்டியையும் கொடுத்தனுப்பினாள். வெறும் பெட்டி ஏன் கனக்கிறது என்று கேட்டதாகவும், புதிய பெட்டி அப்படித்தான் என்று பதில் வந்ததாகவும் மேரி ஜேன் கூறினார். ஏப்ரல் 25 அன்று யோக்யகர்த்தா விமான நிலையத்தில் பெட்டியின் உட்புறத்திலிருந்து 2.6 கிலோ ஹெராயின் எடுக்கப்பட்டது.

கடத்தல் கூட்டத்தார் இத்தகையவரையே தேடுவது ஏன்? வேலை வேண்டி நிற்பவர் அதிகம் கேள்வி கேட்கமாட்டார். பிடிபட்டால், ஒன்றும் அறியாதவரிடமிருந்து போலீசுக்கு எந்தப் பெயரும் கிடைக்காது. அறியாமையே கூட்டத்துக்குக் காவல்! ஆனால் நீதிமன்றத்தில் அதே அறியாமை அவருக்கு உதவவில்லை. “எனக்குத் தெரியாது” என்பதற்கு என்ன சான்று காட்ட முடியும்?

மொழியும் கைகொடுக்கவில்லை. அவர் தாய்மொழி தகாலோக், விசாரணை இந்தோனேசிய மொழியில், மொழிபெயர்ப்போ ஆங்கிலத்தில். அந்த ஆங்கிலம் அவருக்குச் சரியாக விளங்காது. வீட்டில் முதன்முதலாகக் கல்லூரிக்கு வந்த எங்களில் பலருக்கு, ஆங்கிலம் காதில் விழுந்தும் மனத்தில் ஏறாத நிலை தெரியும். எங்களுக்குப் போவது மதிப்பெண்தான். அவருக்கோ உயிர். அரசுத் தரப்பு ஆயுள் தண்டனை கேட்டது. 2010 அக்டோபரில் நீதிமன்றம் மரண தண்டனை விதித்தது.

2015 ஏப்ரல் 29. நுசாகம்பாங்கன் தீவில் எட்டுப் பேர் சுட்டுக் கொல்லப்பட்டனர். ஒன்பதாமவர் மேரி ஜேன். முந்திய நாள் அந்த அறிமுகக்காரி பிலிப்பைன்ஸ் போலீசாரிடம் சரணடைந்திருந்தாள். அவள்மீதான வழக்குக்கு மேரி ஜேனின் சாட்சியம் தேவை என்பதால் கடைசி நேரத்தில் தண்டனை நிறுத்தி வைக்கப்பட்டது. மணிலாவில் சில பத்திரிகைகள் அவர் இறந்துவிட்டதாகவே அச்சடித்து விட்டன.

அறிமுகக்காரிக்கும் அவள் கூட்டாளிக்கும் 2020-ல் ஆயுள் தண்டனை கிடைத்தது. அதுவும் வேறு பெண்களைச் சட்டவிரோதமாக வேலைக்குச் சேர்த்த வழக்கில். மேரி ஜேன் இந்தோனேசியச் சிறையில் பதினான்கு ஆண்டுகளுக்கு மேல் இருந்தார். 2024 டிசம்பர் 18 அன்று மணிலா கொண்டுவரப்பட்டபோதும் விமான நிலையத்திலிருந்து பெண்கள் சிறைக்குத்தான் அழைத்துச் செல்லப்பட்டார். 2010-ல் கைக்குழந்தையாக விட்டுச் சென்ற இளைய மகனும் அண்ணனும் அங்கே வந்து தாயைக் கட்டிக்கொண்டார்கள்.