இரண்டாம் மாதமும் வந்தவர்கள்

இலவசமாக கோடிங் சொல்லித்தருகிறோம் என்று அறிவித்தால் முதல் வாரம் அறை நிரம்பிவிடும். பெரம்பலூரிலும் அரியலூரிலும் எங்கள் தன்னார்வலர் குழுவுக்கு ஆள் சேர்ப்பது சிரமமாக இருந்ததே இல்லை. கல்லூரி மாணவர்கள், பிளஸ் டூ முடித்துவிட்டு வீட்டில் இருக்கும் பெண்கள், சிமென்ட் ஆலையில் ஒப்பந்த வேலை பார்க்கும் இளைஞர்கள் என்று எல்லாரும் வந்தார்கள். ஆனால் இரண்டாம் மாதமும் எத்தனை பேர் வருகிறார்கள் என்பதைத்தான் இந்த ஓராண்டில் வளர்ச்சிக்கு அளவாக வைத்துக்கொண்டோம். அதற்கு எங்களுக்குக் கைகொடுத்தவற்றை, இதுபோல் குழு தொடங்க நினைப்பவர்களுக்காக எழுதுகிறேன்.

முதலில் நேரம். பெரம்பலூர் மாவட்டத்தில் ரயில் கிடையாது. அரியலூரில் ரயில் நின்றாலும் கிராமத்துப் பிள்ளைகள் நம்பியிருப்பது டவுன் பஸ்ஸைத்தான். ஆண்டிமடம் பக்கமிருந்து மகளைச் சேர்க்க வந்த ஓர் அம்மா பாடத்தைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. "எத்தனை மணிக்கு விடுவீங்க தம்பி? இருட்டுறதுக்குள்ள வீடு வந்து சேந்துருமா?" என்று மட்டும் கேட்டார். இதற்கு உறுதியான பதில் இருந்தால்தான் பெண்கள் தொடர்ந்து வருவார்கள். அதனால் பஸ் நேரத்தைப் பார்த்துத்தான் வகுப்பு நேரத்தைக் குறிக்கிறோம். சொல்லித்தரும் அக்கா ஒருவராவது இல்லாமல் வகுப்பு நடத்துவதில்லை. மக்காச்சோளம் ஒடிக்கும் மார்கழி, தையிலும், ஜெயங்கொண்டம், செந்துறைப் பக்கம் முந்திரி பொறுக்கும் பங்குனி, சித்திரையிலும் புதுப் பாடம் எடுப்பதில்லை. பழையதைத் திருப்பிப் பார்ப்பதோடு சரி. வேலை முடிந்து திரும்புகிறவர் விட்ட இடத்திலிருந்து தொடரலாம்.

அடுத்தது கணினி. 2011இல் தமிழக அரசு தொடங்கிய இலவச மடிக்கணினித் திட்டத்தின் மடிக்கணினிகள் எங்கள் பகுதியில் பல வீடுகளில் பீரோவுக்குள் கிடக்கின்றன. அண்ணன் படித்து முடித்ததும் மூடி வைத்தது. பேட்டரி போயிருக்கும், விண்டோஸ் நகராது. அதில் லுபுண்டு போன்ற இலகுவான லினக்ஸை ஏற்றி, மின்சாரத்தில் செருகியே ஓட்டினால் பைத்தான் நிரல்மொழி கற்க அது போதும். எஸ்தோனியாவின் தார்த்து பல்கலைக்கழகத்தில் உருவான தானி என்ற எடிட்டரை அதில் போட்டுத் தருகிறோம். நிரல் வரி வரியாக ஓடுவதை அதில் கண்ணால் பார்க்கலாம். மடிக்கணினி இல்லாதவர்கள் ஆண்ட்ராய்டு போனில் பைட்ராய்டு செயலியை வைத்துத் தொடங்குகிறார்கள். போனில் அடைப்புக்குறி தட்டுவது சள்ளை பிடித்த வேலைதான். என்றாலும் கணினி வாங்கிய பிறகு கற்கலாம் என்று காத்திருப்பவர் பெரும்பாலும் தொடங்குவதே இல்லை.

நான் மிகவும் சந்தோஷப்பட்டது பாடங்களை மாற்றியமைத்ததில்தான். பாடநூல்களில் வரும் வங்கிக் கணக்கு, மாணவர் மதிப்பெண் உதாரணங்களை எடுத்துவிட்டுச் சின்ன வெங்காயத்தைக் கொண்டுவந்தோம். செட்டிகுளம் பக்கத்துப் பிள்ளைகளுக்கு அதைப் பற்றி எங்களைவிட அதிகம் தெரியும். அறுவடையானதும் விற்பதா, பட்டறை போட்டு விலை ஏறும்வரை வைப்பதா என்பது வீட்டில் தினமும் பேசும் பேச்சு. நூறு கிலோவை இன்று கிலோ 40 ரூபாய்க்கு விற்றால் 4,000 ரூபாய். பட்டறையில் காய்ந்தும் அழுகியும் 30 சதவீதம் எடை போய்விட்டால் மீதி 70 கிலோ. விலை 57 ரூபாயைத் தாண்டினால்தான் வைத்ததில் லாபம். மண்டிக் கமிஷன், வண்டி வாடகை, ஏற்றுக்கூலி என்று ஒவ்வொன்றாகச் சேர்க்கும்போது மாறி, நிபந்தனை, ஃபங்ஷன் எல்லாம் தாமாகப் புரிந்துவிடுகின்றன. ஒரு மாணவர் தான் எழுதியதை வீட்டில் ஓட்டிக் காட்டியதும், அவருடைய அப்பா, "சாக்கு விலைய விட்டுட்டியேப்பா" என்று திருத்தியிருக்கிறார். அடுத்த வாரமே அது நிரலில் சேர்ந்துவிட்டது.

தமிழையும் இப்படித்தான் வகுப்புக்குள் கொண்டுவந்தோம். பைத்தான் 3இல் மாறிகளுக்குத் தமிழிலேயே பெயர் வைக்கலாம். ஆங்கிலத்துக்குப் பயந்து ஒதுங்குபவர்களுக்கு முதல் வாரத்தில் அது பெரிய தைரியம். பிறகு ஊர்ப் பெயரின் நீளத்தைப் பைத்தானிடம் கேட்கச் சொல்வோம். பெரம்பலூருக்கு ஆறு எழுத்து, பைத்தான் பத்து என்கிறது. அரியலூருக்கு ஐந்து, பைத்தான் எட்டு என்கிறது. புள்ளியையும் துணைக்குறிகளையும் யூனிகோடு தனித்தனி எண்களாக வைத்திருப்பதால் வரும் வேறுபாடு இது. சரியாக எண்ண ஓப்பன் தமிழ் என்ற நிரல் தொகுப்பு இருக்கிறது. தமிழர்கள் எழுதி, யாரும் எடுத்துப் பயன்படுத்தவும் திருத்தவும் திறந்து வைத்த தொகுப்பு அது என்று சொல்லும்போது பிள்ளைகள் முகம் மாறுவதைப் பார்க்க வேண்டும். வீட்டில் படிக்க, 2012இல் த. சீனிவாசன் தொடங்கிய கணியம் இதழின் கட்டுரைகளையும், து. நித்யாவின் 'எளிய தமிழில்' வரிசை மின்னூல்களையும் கொடுக்கிறோம். எல்லாம் இலவசம்.

சந்தேகம் கேட்க வாட்ஸ்அப் குழு உண்டு. பிழை வந்தால் கடைசி வரியை முதலில் படித்து, அது என்ன சொல்கிறது என்று தன் வார்த்தையில் எழுதிவிட்டுத்தான் கேட்க வேண்டும் என்பது அங்கே உள்ள ஒரே விதி. எழுதும்போதே பாதிப் பேருக்கு விடை கிடைத்துவிடுகிறது.

கற்றவர்களைச் சொல்லித்தர வைத்ததால்தான் இரண்டு ஊரிலும் ஒரே நேரத்தில் வகுப்பு நடத்த முடிந்தது. தேர்ந்த பிறகு சொல்லித்தரட்டும் என்று காத்திருக்கக் கூடாது. லூப் வரை வந்தவர் மாறியைச் சொல்லித்தரலாம். நேற்றுத் தனக்குப் புரியாமல் போனது எது என்று அவருக்குத்தான் நினைவிருக்கும். ஐடி கம்பெனியில் பத்து வருடம் வேலை பார்த்தவரைவிட அவர் நிதானமாகச் சொல்வதைக் கண்ணெதிரே பார்க்கிறேன். விழுப்புரம் லினக்ஸ் பயனர் குழு தன்னார்வலர்களை வைத்தே பல ஆண்டுகளாக இயங்கி வருகிறது. சிறு ஊர்களில் இது நடக்கும் என்ற நம்பிக்கையை எங்களுக்குத் தந்தது அந்தக் குழுதான்.

இந்த மாவட்டங்களிலிருந்து படித்துச் சென்னையிலும் பெங்களூரிலும் வேலை பார்ப்பவர்களே, ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரம் ஆன்லைனில் கொடுங்கள். தீபாவளிக்கோ பொங்கலுக்கோ ஊருக்கு வரும்போது, பீரோவில் கிடக்கும் அந்தப் பழைய மடிக்கணினியை எடுத்து, பக்கத்து வீட்டில் படிக்கும் பிள்ளைக்குக் கொடுத்துவிட்டுப் போங்கள்.