இரவுப் படம் தரும் பாடம்

திருப்பூரை அடுத்த நஞ்சராயன் குளம் 2022-இல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பெற்றது. 2024-இல் ஈரநிலங்களுக்கான ராம்சார் பட்டியலிலும் இடம்பெற்றது. அங்கே புகைப்படம் எடுக்கச் செல்வோர் பலர். ஆயின், நம் தோட்டத்திலும் அக்கலைக்கு வேலை உண்டு.

கூகையை அபசகுனமெனக் கல்லெறிந்து விரட்டும் உழவர்களை நாம் கண்டிருக்கிறோம். அது பிடிப்பதோ பயிரை அழிக்கும் எலிகளை. சான்று வேண்டுவோர், அது தங்கும் சாளைக் கூரையின் கீழே பகலில் தேடுதல் வேண்டும். அங்கே கூகை கக்கிய கரிய உருண்டையைப் பிரித்தால், எலியின் எலும்பும் மயிரும் காணப்படும். அருகில் ஒரு நாணயத்தை வைத்துக் கைப்பேசியால் படமெடுத்தால் அளவும் விளங்கும். இரவில் பறவையின்மீது ஒளி பாய்ச்சுதலும், கூட்டை நெருங்குதலும் தகா.

அடுத்து, மேகமற்ற அமாவாசை இரவில் கைப்பேசியை அசையாது நிறுத்தி, 15 வினாடி ஒளி புகுமாறு அமைத்து வானைப் படமெடுக்கலாம். மிக நீடித்தால், புவி சுழல்வதால் விண்மீன்கள் கோடுகளாகும். தெருவிளக்கின் பக்கம் வானம் வெளுத்துத் தோன்றின், பஞ்சாயத்துக் கட்டணம் செலுத்தும் ஒளி மேலே வீணாகிறது என்பது பொருள். விளக்கைக் கீழ்நோக்கித் திருப்பி மேல்மூடி இட்டால், ஒளி தெருவில் விழும்.

இவ்விரு படங்களையும் அடுத்த கிராம சபையில் அனைவர் பார்வைக்கும் வைப்பீர்களாக. கூகையைக் காப்பதற்கும் விளக்கைத் திருத்துவதற்கும் அங்கேயே முடிவு காணலாம்.