டூ-ஸ்ட்ரோக் டர்ட் பைக்குக்கு எந்தப் பைப்?

புது எக்ஸாஸ்ட் பைப் வாங்கப் போறீங்களா? சத்தத்தை வெச்சு முடிவு பண்ணாதீங்க. டூ-ஸ்ட்ரோக்கில் எக்ஸாஸ்ட் போர்ட்டைத் திறந்து மூடுறது பிஸ்டன்தான். மீதி வேலையை வயிறு பெருத்த அந்தப் பைப் பார்த்துக்குது. போர்ட் திறந்ததும் கிளம்பும் அழுத்த அலை, விரியும் கூம்பில் உறிஞ்சும் அலையாகத் திரும்பி, எரிந்த புகையை இழுக்கும். குறுகும் கூம்பில் பட்டுத் திரும்பும் அலை, கூடவே வழிந்துபோன புதுக் கலவையை, போர்ட் மூடுறதுக்குள்ள சிலிண்டருக்கே தள்ளிவிடும். 1950களில் கிழக்கு ஜெர்மனியின் எம்.இசட். நிறுவனத்தில் வால்டர் காடன் இதை மெருகேற்றினார். 1961-ல் ரேசர் எர்ன்ஸ்ட் டெக்னர் அந்த ரகசியத்தோடு சுசுகிக்குத் தாவினது தனிக் கதை.

அலை சரியான நேரத்துக்குத் திரும்புவது குறிப்பிட்ட ஆர்.பி.எம். வரம்பில் மட்டும்தான். பைப் நீளமானா கீழே, குட்டையானா மேலே. காடு, பாறைன்னு மெதுவா ஏறுறவங்களுக்குக் கீழ் ஆர்.பி.எம். இழுவைதான் முக்கியம். எஃப்.எம்.எஃப். 'நார்லி' அதுக்கானது, தகடும் தடிமன், கல் பட்டா சீக்கிரம் நெளியாது. மோட்டோகிராஸ் டிராக்குன்னா 'ஃபேட்டி' எடுங்க.

மாட்டினதும் கொஞ்ச தூரம் ஓட்டி, ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிப் பாருங்க. வெளுத்திருந்தா கலவையில் பெட்ரோல் பத்தலை. மெயின் ஜெட்டைப் பெருசாக்காம முறுக்கினா பிஸ்டன் சீஸ் ஆயிடும். அந்தச் செலவு பைப் விலையைத் தாண்டிடலாம்.