மார்பக அறுவை சிகிச்சைக்குப் பின் கை வீக்கமா? துணை நிற்கும் யோகா: 9 குறிப்புகள்

மார்பகப் புற்றுநோய்க்காக அக்குளில் நிணநீர் முடிச்சுகளை எடுத்தவர்களுக்கும், அங்கே கதிர்வீச்சு பெற்றவர்களுக்கும் கை வீங்கலாம். வாய்க்கால் தூர்ந்தால் வயலில் தண்ணீர் தேங்குவது போலத்தான் இதுவும். இதற்கு நிணநீர் வீக்கம் என்று பெயர். கம்ப்ரஷன் ஸ்லீவ், கட்டு, தோல் பராமரிப்பு ஆகியவையே முதன்மைச் சிகிச்சை; யோகா அதற்குத் துணை. மன்னார்குடி வட்டாரப் பெண்களுக்கு உதவும் குறிப்புகள் இதோ:

1. அறுவை செய்த மருத்துவரிடம் கேட்ட பிறகே தொடங்குங்கள். வாரம் ஒருமுறை இரு கைகளையும் ஒரே இடத்தில் டேப்பால் அளந்து எழுதி வையுங்கள். வித்தியாசம் 2 செ.மீ. ஆனால் மருத்துவரைப் பாருங்கள்.

2. டெல்டா வெயிலில் வீக்கம் கூடலாம். விடியற்காலையில், ஸ்லீவ் அணிந்தபடி செய்யுங்கள். வளையலும் இறுக்கமான ஜாக்கெட் கையும் வேண்டாம்.

3. முதலில் வயிறு எழுந்து தாழும்படி 5 முதல் 10 முறை மெதுவாக மூச்சு விடுங்கள். ஆழ்ந்த மூச்சு நிணநீரை மார்பை நோக்கி நகர்த்த உதவும். மூச்சை அடக்க வேண்டாம்.

4. கையைத் தலையணைமேல் உயர்த்தி வைத்து, விரல்களை 10 முறை மூடித் திறங்கள். பிறகு முழங்கையை மடக்கி நீட்டுங்கள்; தோளைச் சுழற்றுங்கள். தசை அசைந்தால்தான் நிணநீர் நன்றாக ஓடும்.

5. சுவரில் விரல்களை மெல்ல மேலே நகர்த்துங்கள். வலி தொடங்கும் இடத்தில் நிறுத்துங்கள்.

6. உடல் எடையைக் கைகளில் தாங்கும் அதோமுக சுவானாசனம், சதுரங்க தண்டாசனம், மயூராசனம் ஆகியவற்றைத் தவிருங்கள். முடிவில் கையைத் தலையணைமேல் வைத்துச் சவாசனம் செய்யுங்கள். மறுநாளும் கை கனத்தால் பயிற்சியைக் குறையுங்கள்.

7. நடவு, களையெடுப்பு, அறுப்பு நாட்களில் கையுறை அணியுங்கள். அரிவாள்மணையில் சிறு வெட்டுப் பட்டாலும் சோப்பால் கழுவி மருந்திடுங்கள். கை சிவந்து, சூடாகி, காய்ச்சல் வந்தால் அன்றே மருத்துவமனைக்குப் போங்கள். தேங்காய் எண்ணெயை இரவில் ஸ்லீவைக் கழற்றிய பிறகு தடவுங்கள்.

8. காவிரிப் படுகையில் யானைக்கால் நோய் நெடுநாள் இருந்ததால், வீங்கிய கையைக் கண்டதும் சிலர் ஒதுங்குவார்கள். உங்கள் கை வீக்கம் தொற்று அல்ல என்று வீட்டாருக்குச் சொல்லுங்கள். யானைக்கால் வீக்கத்துக்கும் யோகா துணையாகிறது: கேரளத்தின் காசர்கோட்டில் உள்ள பயன்பாட்டுத் தோல் மருத்துவ நிறுவனம் தோல் கழுவுதல், கட்டு, யோகா மூன்றையும் சேர்த்தே கற்றுத் தருகிறது.

9. இடையில் விடாதீர்கள். ஆஸ்திரேலியாவின் டாஸ்மேனியாவில் நடந்து 2014இல் வெளியான சிறிய ஆய்வில், 8 வாரம் யோகா செய்த பெண்களுக்கு மேல்கைத் திசுவின் கெட்டித்தன்மை குறைந்தது. நிறுத்திய பிறகு அந்தப் பலன் நீடிக்கவில்லை.

வீக்கத்துக்குப் பயந்து கையை அசைக்காமல் வைத்திருந்தால் தோள்தான் இறுகும். சகோதரிகளே, ஸ்லீவைக் கைவிடாமல், தினமும் கொஞ்சமாக, நிதானமாகக் கையை அசையுங்கள்.